பட்டம் கையில், பதிவு எங்கே?

மருத்துவ உரிமத் தேர்வுகள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்தப் புத்தகம் படிக்கலாம்?" என்றுதான் தொடங்கின. அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள், அந்த நாட்டுக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும்? அது தெளிவாகாமல் படித்து ஓராண்டை இழந்தவர்களின் கடிதங்களும் இந்தக் கட்டில் இருக்கின்றன. ஆகவே முதல் கேள்வி அதுவே.

கே: என் மகன் தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் எம்பிபிஎஸ் இறுதியாண்டு படிக்கிறான். நாங்கள் இங்கே நிரந்தரவாசிகள். அவன் சிங்கப்பூரில் டாக்டராக வேலை செய்ய எந்தத் தேர்வு எழுத வேண்டும்? பயிற்சி வகுப்பு எங்கே நடக்கிறது?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

அம்மா, அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருப்பதுபோல், எந்த நாட்டில் படித்தவரும் எழுதித் தேறினால் உரிமம் கிடைக்கும் என்ற பொதுத் தேர்வு சிங்கப்பூரில் இல்லை. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் முதலில் பார்ப்பது பட்டம் எங்கே வாங்கியது என்பதைத்தான். மருத்துவப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுக் கல்விக்கூடங்களின் பட்டியல் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியல் 160-இலிருந்து 103 ஆகச் சுருங்கியது. அவ்வப்போது திருத்தப்படும் பட்டியல் என்பதால், யாரோ அனுப்பிய பழைய படத்தை நம்பாமல் மன்றத்தின் இணையத்தளத்தில் இன்றைய பட்டியலையே பாருங்கள். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகுமோ அதை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பது போதாது.

பட்டியலில் பெயர் இருந்தாலும் வேலை தானாக வந்துவிடாது. மன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு மருத்துவமனையோ பலதுறை மருந்தகமோ வேலை தர முன்வந்த பிறகுதான் நிபந்தனைப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். அதன்பின் மூத்த மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் சில ஆண்டுகள் வேலை. முழுப் பதிவு அதற்குப் பிறகு. நிரந்தரவாசத் தகுதி பட்டத்தின் தகுதியை மாற்றாது.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் இன்னொரு வழி, மேற்படிப்பு. பதிவுக்குரிய மேற்படிப்புத் தகுதிகளுக்கும் மன்றம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அது பல ஆண்டுப் பயணம். இந்தியாவிலோ பிரிட்டனிலோ பயிற்சி பெற்றுக்கொண்டே போக வேண்டிய பாதை. "சிங்கப்பூர் உரிமத் தேர்வுக்குப் பயிற்சி" என்று யாராவது பணம் கேட்டால், எந்தத் தேர்வு, யார் நடத்துவது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

கே: ஜார்ஜியாவில் எம்டி (அங்கே அடிப்படை மருத்துவப் பட்டம்) முடித்துவிட்டு செங்காங்கில் பெற்றோருடன் இருக்கிறேன். இந்தியக் குடியுரிமை. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான இந்தியத் தகுதித் தேர்வான எஃப்எம்ஜிஇ-க்கு ஐந்து மாதம் இருக்கிறது. பத்தொன்பது பாடங்களையும் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?
— ஒரு வாசகி, செங்காங்

பாடங்களை எண்ணாதீர்கள், மதிப்பெண்ணை எண்ணுங்கள். 300 கேள்வி, 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, எனவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 150 கேள்விக்கு 150 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பொது மருத்துவம் 33, அறுவை மருத்துவம் 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. நான்கும் சேர்ந்து 125. நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் தலா 13, அதாவது 39. ஆக ஏழு பாடங்களில் 164 மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. கண், காது-மூக்கு-தொண்டை, குழந்தை மருத்துவம் மூன்றும் தலா 15. இந்தப் பத்திலுமே 209 வந்துவிடுகிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் தலா 17. இவை பெரிய புத்தகங்கள், அந்த அளவுக்கு மதிப்பெண் இல்லை. இவற்றைத் தலையணைப் புத்தகத்திலிருந்து தொடங்கினால் மூன்றாம் மாதம் வந்தும் மருத்துவம் தொடங்கியிருக்காது. பெரும்பாலோர் வழுக்கும் இடம் இதுதான்.

எங்கள் பரிந்துரை: முதல் வாரத்திலேயே சமூக மருத்துவத்தைத் தொடங்குங்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இதன் இந்தியப் பகுதி பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை, அதுதான் காரணம். ஜார்ஜியக் கல்லூரி இந்தியாவின் தேசியத் திட்டங்களைச் சொல்லித் தந்திருக்காது. சமவெளியில் துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு, சமூக சுகாதார நிலையம் 1,20,000 பேருக்கு. மலை, பழங்குடிப் பகுதிகளில் இவை 3,000, 20,000, 80,000. கிராமத்தில் ஏறத்தாழ 1,000 பேருக்கு ஓர் ஆஷா பணியாளர். இப்படிப்பட்ட எண்களுக்கு யோசிக்கவே வேண்டாம், தெரிந்திருந்தால் பத்து விநாடியில் ஒரு மதிப்பெண். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை 12 மாதத்தில். இந்திய அட்டவணையில் 9 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. உங்கள் தம்பி தங்கையின் தடுப்பூசிப் புத்தகம் மனத்தில் இருந்தால் அதுவே தவறான விடைக்கு இழுக்கும்.

சட்ட மருத்துவத்துக்கு 10 மதிப்பெண்தான். ஆனால் உங்கள் குறிப்பேடு 2024-க்கு முந்தையதா என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை 302 என்று இருந்தது இப்போது 103. அலட்சியத்தால் மரணம் 304-அ இப்போது 106. வரதட்சணை மரணம் 304-ஆ இப்போது 80. மூத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன நோட்டில் பழைய எண்களே இருக்கும்.

இருபது வாரத்தில் முதல் பன்னிரண்டு வாரம் அந்த ஏழு பாடங்கள். அடுத்த நான்கில் 15 மதிப்பெண் பாடங்கள் மூன்றும், அடிப்படைப் பாடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பகுதிகளும் (நரம்புக் காயங்கள், வைட்டமின் குறைபாடுகள், நொதிக் குறைபாட்டு நோய்கள்). தோல், மனநலம், மயக்கவியல், கதிரியக்கம் போன்ற 5 மதிப்பெண் பாடங்களைப் படங்கள் வழியாகவே பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் போதும். கடைசி நான்கு வாரத்தில் வாரம் ஒரு முழுத் தேர்வு: காலை 150, சாப்பாடு, மதியம் 150. மதியப் பகுதியில் சோர்வு எப்படி மதிப்பெண்ணைத் தின்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, தகுதி விதி. 2021 நவம்பரில் வந்த இந்திய ஒழுங்குவிதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதே கல்விக்கூடத்தில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி, பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதம். அந்த விதிகள் உங்கள் சேர்க்கை ஆண்டுக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். தேர்வு மையம் இந்தியாவில்தான்; விமானச் சீட்டை முந்தைய நாள் இரவுக்குப் போடாதீர்கள்.

கே: இங்கே மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் (யுஎஸ்எம்எல்இ) முதல் படியை எழுத நினைக்கிறேன். இப்போது தேர்ச்சி, தோல்வி என்று மட்டும்தான் வருமாமே? அப்படியென்றால் சுலபம்தானே?
— ஒரு மாணவர், கிளமெண்டி

தம்பி, 2022 ஜனவரி 26 முதல் முதல் படியில் மதிப்பெண் எண் கிடையாது என்பது சரி. கேள்விகள் இளகிவிடவில்லை. 280 கேள்விகள் வரை, எட்டு மணி நேரம், ஒரு கேள்விக்குச் சராசரி 90 விநாடி. எண் போட்ட மதிப்பெண் இரண்டாம் படிக்கு நகர்ந்துவிட்டதால், முதல் படியில் அரைகுறையாகத் தேறியவர் இரண்டாம் படியில் அதன் விலையைக் கொடுக்கிறார்.

சிங்கப்பூரில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. அளவுகள். நம் வார்டில் ரத்த சர்க்கரை லிட்டருக்கு மில்லிமோலில். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். 18-ஆல் பெருக்குங்கள்: நம் 28 அங்கே 504. கிரியாட்டினினை 88.4-ஆல் வகுங்கள்: நம் 177 அங்கே 2. கால்சியத்தை 4-ஆல் பெருக்குங்கள்: நம் 2.5 அங்கே 10. இயல்பு அளவுப் பட்டியல் திரையில் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்த்தால் 90 விநாடியில் பதினைந்து போய்விடும். மருந்துப் பெயர்களும் அப்படித்தான். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்கே அல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், கிளிபென்கிளமைட் அங்கே கிளைபுரைட். ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள்.

இப்போது ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் படிக்குரிய வகை, ஆனால் படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். 22 வயதுப் பெண், முதல் வகை நீரிழிவு, இரண்டு நாளாக வாந்தி, வயிற்று வலி. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கிறது. சர்க்கரை 504, ரத்தக் காரகாடி அளவு (பிஎச்) 7.12, பைகார்பனேட் 10, பொட்டாசியம் 2.9. உப்புநீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? இன்சுலின் சொட்டு, பைகார்பனேட், பொட்டாசியம், கிருமிக்கொல்லி, வயிற்று ஸ்கேன்.

நோய் என்ன என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். கீட்டோ அமிலத் தேக்கம். தெரிந்த மகிழ்ச்சியில் கை நேராக இன்சுலினுக்குப் போகும். கேள்வி அங்கேதான் பொறி வைத்திருக்கிறது. இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளும். ஏற்கெனவே 2.9 இருக்கும் இடத்தில் இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பு தடம் புரளும். ஆகவே முதலில் பொட்டாசியம், பிறகு இன்சுலின். இன்சுலினைத் தொடங்குவதற்கான வரம்பு பழைய அமெரிக்க வழிகாட்டுதலில் 3.3, 2024 அறிக்கையில் 3.5; 2.9 இரண்டுக்கும் கீழே. காரகாடி அளவு 7.0-க்குக் கீழே போனால்தான் பைகார்பனேட் பேச்சுக்கு வரும்.

இங்கே தவறுபவருக்கு நோய் தெரியாமல் இல்லை. நோயின் பெயரைக் கண்டதும் எண்களைப் படிப்பதை நிறுத்திவிட்டார். கடைசி வரியை முதலில் படியுங்கள்: "அடுத்து என்ன", "காரணம் என்ன", "எதை முதலில்" என்று அது கேட்பதைத் தெரிந்துகொண்டு மேலே போங்கள். பிறகு எண்களில் இயல்புக்கு வெளியே இருப்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். விடைகளைப் பார்ப்பது அதற்கப்புறம்.

கே: கேள்வி வங்கியில் தினமும் 80 கேள்வி போடுகிறேன். இரண்டு மாதமாக 60 விழுக்காட்டிலேயே நிற்கிறது. எந்த வங்கிக்கு மாறலாம்?
— ஒரு வாசகர், தெம்பனிஸ்

மாற வேண்டாம். 80-ஐ 40 ஆக்குங்கள். மிச்ச நேரத்தைத் தவறுகளுக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் போட்ட 40 கேள்வியைத் திருப்பிப் பார்க்க இரண்டரை மணி நேரம் ஆகும், ஆக வேண்டும். அரை மணியில் முடித்துவிட்டீர்கள் என்றால் விளக்கத்தைக் கண்ணால் மேய்ந்திருக்கிறீர்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தேக்காவில் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும் சாதாரண நோட்டு. பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் தலைப்பு, ஒரே சொல்லில். இரண்டாவதில் நான் எதைத் தேர்ந்தேன், அப்போது மனத்தில் என்ன ஓடியது. மூன்றாவதில் கேள்வியில் நான் தாண்டிப்போன சொல் அல்லது எண். நான்காவதில் அடுத்த முறை காப்பாற்றும் ஒரு வரி. மேலே சொன்ன கேள்விக்கு அந்த நான்காவது பத்தி இப்படி இருக்கும்: "இன்சுலினுக்குக் கை போனால் முதலில் பொட்டாசியத்தைப் பார்." வழிகாட்டுதலை முழுதாக நகல் எடுத்து ஒட்டாதீர்கள், அந்த நோட்டை நீங்கள் திரும்பத் திறக்கவே மாட்டீர்கள்.

இரண்டாவது பத்தி எழுதத்தான் எல்லாருக்கும் சலிப்பு. மருந்து இருப்பது அதில்தான். இரண்டு வாரம் எழுதினால் தவறுகள் நான்கு கூட்டமாகப் பிரியும்: தெரியவே தெரியாதது, இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறியது, கேள்வியைத் தவறாகப் படித்தது, சரியாகப் போட்டுவிட்டு மாற்றியது. 16 தவறில் 10 "தெரியாதது" என்றால் படிப்பு பாக்கி இருக்கிறது; அந்தப் பாடத்துக்குத் திரும்புங்கள். தடுமாற்றம்தான் அதிகம் என்றால் புத்தகத்தை இன்னொரு முறை வாசிப்பதால் பயனில்லை. அந்த இரண்டு நோய்களையும் அருகருகே எழுதி, எது எதைப் பிரிக்கிறது என்று மூன்று வரி எழுதுங்கள். தவறாகப் படித்தது அதிகம் என்றால் தூக்கம் போதவில்லை, அல்லது நேரத்துக்குப் பயந்து ஓடுகிறீர்கள்.

அந்த நோட்டை மறுநாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று மூன்று முறை திறக்க வேண்டும். நான்காவது பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்றாவதை மட்டும் பார்த்துச் சொல்ல வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: பாடவாரியாகப் போடுவதை நிறுத்திக் கலவையாகப் போடுங்கள். "இன்று இதயம்" என்று தெரிந்தே உட்கார்ந்தால் பாதி விடை கையில் இருக்கிறது. தேர்வு அந்த உதவியைச் செய்யாது. கலவைக்கு மாறிய முதல் வாரம் விழுக்காடு இறங்கும், கலங்க வேண்டாம். வங்கியின் விழுக்காடு தேர்ச்சியைச் சொல்லாது; அமெரிக்கத் தேர்வென்றால் தேர்வு வாரியமே விற்கும் சுயமதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது, தேறும் வாய்ப்பை அதில் பாருங்கள்.

கே: மருத்துவமனையில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர். இரவுப் பணி முடிந்து வந்தும் நான்கு மணி நேரம் படிக்க முயல்கிறேன், எதுவும் நிற்பதில்லை.
— ஒரு வாசகி, பொங்கோல்

இரவுப் பணி முடிந்த நாளில் படிக்காதீர்கள். தூங்குங்கள். கற்றது தூக்கத்தில்தான் கெட்டியாகிறது. தூக்கத்தை வெட்டிச் சேர்த்த நான்கு மணி நேரம் கணக்கில் மட்டும்தான் சேரும். மற்ற நாட்களில் வேலைக்குப் போகும் முன் 20 கேள்வி, அரை மணி. திருத்தம் மாலையில். எம்ஆர்டியில் புதிய பாடம் வேண்டாம். தவறு நோட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அதை மட்டும் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரத்துக்கான விடுப்பைப் பணி அட்டவணை போடுபவரிடம் மாதங்களுக்கு முன்பே கேளுங்கள். பொறுத்துக் கேட்டால் கிடைக்காது.

கே: வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிரிட்டிஷ் தேர்வான பிளாப்பின் முதல் பகுதியில் தேறிவிட்டேன். மான்செஸ்டரில் நடக்கும் இரண்டாம் பகுதியில் தவறிவிட்டது. மருத்துவ அறிவில் குறையில்லை, நோயாளியுடன் பேசுவதில்தான் மதிப்பெண் போயிருக்கிறது. என் ஆங்கிலம் நன்றாகவே இருக்கும்.
— ஒரு வாசகர், ஈசூன்

ஆங்கிலம் காரணமாக இருக்காது. இரண்டாம் பகுதியில் 16 நிலையங்கள், ஒவ்வொன்றும் 8 நிமிடம், கதவுக்கு வெளியே படிக்க 90 விநாடி. மூன்று தலைப்பில் மதிப்பிடுகிறார்கள்: விவரம் திரட்டுவதும் பரிசோதனையும், சிகிச்சை முடிவு, மனிதரோடு பழகும் விதம். இங்கே பயிற்சி பெற்றவர்கள் முதல் இரண்டிலும் வலுவாக இருந்துவிட்டு மூன்றாவதில் இழக்கிறார்கள். நெரிசலான மருந்தகத்தில் பழகிய வேகம் அதற்கு ஒரு காரணம்: கேள்வி, கேள்வி, கேள்வி, மருந்துச் சீட்டு.

ஒரு நிலையத்தைப் பாருங்கள். 54 வயது ஆடவர், மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை, இன்சுலின் வேண்டாம் என்கிறார். பெரும்பாலோர் இன்சுலினின் நன்மைகளை அடுக்கத் தொடங்குவார்கள். அவர் தலையாட்டுவார், நேரம் முடியும், மதிப்பெண் வராது. அதற்குப் பதில் மூன்று கேள்வி: "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதில் எது உங்களைப் பயமுறுத்துகிறது? இன்று எங்களிடம் என்ன எதிர்பார்த்து வந்தீர்கள்?" கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மூன்று விநாடி மௌனம் பொறுக்க வேண்டும். அப்போது வெளியே வரும்: "அப்பாவுக்கு ஊசி ஆரம்பித்த வருஷமே காலை எடுத்தார்கள்." நம் குடும்பங்களில் இதைக் கேட்காதவர் யார்? ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்ற பயம் அது. அந்தப் பயத்துக்குப் பதில் சொன்ன பிறகுதான் சிகிச்சைப் பேச்சு காதில் ஏறும். கால் போனது இன்சுலினால் அல்ல, அதற்கு முன் பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரையால் என்று அவர் சொற்களிலேயே சொல்லுங்கள்.

பிறகு பிரிட்டனுக்கே உரிய ஒரு புள்ளி: இன்சுலின் போடுபவர் அங்கே ஓட்டுநர் உரிம அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த நோயாளி வண்டி ஓட்டுபவரா என்று கேட்டிருக்கிறீர்களா? வெளிநாட்டில் படித்தவர்கள் விட்டுவிடும் இடம் இது. சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது, எப்போது திரும்ப வரவேண்டும் என்பதை 6-ஆவது நிமிடத்துக்குள் தொட்டுவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடம் அவர் சொல்வதற்கு.

பயிற்சிக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறார். ஆன்ஜியோகிராம் என்றால் என்ன, எதற்கு, என்ன ஆபத்து என்று பாட்டிக்குத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு "நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாட்டி" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எங்கே ஓட்டை விழுகிறதோ, ஆங்கிலத்திலும் அங்கேதான் நீங்கள் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள். வாரம் இருமுறை நண்பருடன் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள், கைப்பேசியில் பதிவு செய்து, யார் அதிக நேரம் பேசினார் என்று மட்டும் பாருங்கள்.

மான்செஸ்டருக்கு நான்கைந்து நாள் முன்னதாகப் போய்விடுங்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை 4 மணி என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு.

கே: என் மகன் அமெரிக்கத் தேர்வின் முதல் படியில் இரண்டு முறை தோற்றுவிட்டான். உடனே மூன்றாவது முறை எழுதுகிறேன் என்கிறான். அறையை விட்டு வெளியே வருவதில்லை.
— ஒரு தந்தை, புக்கிட் பாத்தோக்

ஐயா, முதலில் விதி. ஒரு படிக்கு மொத்தம் நான்கு முறைதான்; 2021-க்கு முன் ஆறாக இருந்தது. பாதியில் எழுந்து வந்தாலும் அது ஒரு முறையாக எண்ணப்படும். 12 மாதத்துக்குள் மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. நான்காவது முறைக்கு முதல் முறையிலிருந்து குறைந்தது 12 மாதமும் கடைசி முறையிலிருந்து குறைந்தது 6 மாதமும் ஆகியிருக்க வேண்டும். ஆகவே மூன்றாவது முறையை அவசரத்துக்கு எறிந்துவிடக்கூடாது. இரண்டு தோல்வி அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பாடம் தாழ்ந்திருந்தால் அது படிப்புக் குறை. எல்லாமே கோட்டுக்குச் சற்றுக் கீழே என்றால், பெரும்பாலும் நேரமும் கேள்வி படிக்கும் முறையும். வாரியத்தின் சுயமதிப்பீட்டில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, தேர்ச்சி வாய்ப்பு உறுதியாகத் தெரிந்த பிறகே தேதி போடட்டும்.

ஆனால் நீங்கள் எழுதிய கடைசி வரிதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால் தேர்வைத் தள்ளி வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "வாழ்ந்து என்ன" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்; தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்-இன் 1767 எண் இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கப்படும். உடனடி ஆபத்து என்று பட்டால் 995-ஐ அழையுங்கள். இரவில் அவன் அறைக்கதவைத் தட்டி, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கே: என் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவில் "எஸ்/ஓ" (இன்னாரின் மகன்) இருக்கிறது. தேர்வுப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறார்கள். எப்படி நிரப்புவது?
— ஒரு வாசகர், தோ பாயோ

சிறிய கேள்வி போலத் தெரியும். தேர்வு மைய வாசலில் திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவே ஒரு முக்கியக் காரணம். அனுமதிச் சீட்டில் இருக்கும் பெயரும் நீங்கள் காட்டும் ஆவணத்தின் பெயரும் பொருந்த வேண்டும். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் போடுகிறோம். பல படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை, அதை விழுங்கிவிட்டு "எஸ்ஓ" என்று ஒரு தனிச் சொல்லாக ஆக்கிவிடும். இந்தியாவில் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பட்டத்தில் முன்னெழுத்து, கடப்பிதழில் அப்பா பெயர் முழுதாக.

கணக்குத் தொடங்கும் முன் மூன்றையும் மேசையில் வரிசையாக வையுங்கள்: கடப்பிதழ், பட்டச் சான்றிதழ், தேர்வுப் படிவம். கடப்பிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து நிரப்புங்கள். பட்டத்தில் வேறு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் தேவையா என்று தேர்வு அமைப்புக்கு இப்போதே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு வந்த அன்றே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். திருத்தத்துக்கு நாள் ஆகும், தேர்வுக்கு முந்தைய வாரம் கேட்டால் நேரம் இருக்காது. கடப்பிதழ் தேர்வு நாளிலும் செல்லுபடியாகுமா என்பதையும் அதே கையோடு பாருங்கள்.

தேர்வன்று ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அறைகளின் குளிர் எட்டு மணி நேரம் தாங்காது. அமெரிக்கத் தேர்வில் இடைவேளை முழு நாளுக்குமான ஒரே கூட்டுத் தொகை. ஒரு பகுதியை முன்னதாக முடித்தால் மிச்ச நேரம் அதில் சேரும். அந்த மொத்த நேரத்தைத் தாண்டினால் கடைசிப் பகுதிக்கான நேரத்திலிருந்து கழியும். சாப்பாட்டுக்கு வழக்கமாக வயிற்றுக்கு ஒத்துவரும் இட்லியோ ரொட்டியோ கட்டிக்கொண்டு போங்கள். நாசி லெமாவை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.